திராட்சரசத்தில் வெந்த பேரிக்காய்

மேகமானது வாசல் வரை வந்து, உத்தரவு கேளாமல் உள்ளே புகுந்து, அடுப்படியில் அமர்ந்து குளிர்காயும் ஈரப்பாறை என்னும் மலையூரில், பேரி மரங்கள் தம் கிளைகளைத் தாமே முறித்துக்கொள்ளும் அளவுக்குக் காய்த்துத் தொங்கிய ஓர் ஆண்டில், பெலவேந்திரனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தார்ச்சாலை வருவதற்கு முன்னே, பேறுகால வலி கண்ட பெண்களையும், காய்ச்சலில் பிதற்றிய பிள்ளைகளையும், மரத்திலிருந்து விழுந்தவர்களையும் டோலியில் கிடத்தி, பேருந்து நிற்கும் அடிவாரம் வரை சுமந்து இறக்கியவர் அவர். ஆனைக்குட்டி போன்ற உடம்பு. அந்த உடம்பின் வலத்தோளில், டோலிக் கம்பு பதிந்து பதிந்து காய்த்துப்போன ஒரு மேடு. அந்தத் தோளின் மேல் ஒருமுறையேனும் போய் வராத வீடு ஈரப்பாறையில் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இடப்பக்கம் விழுந்தது. வாய் கோணியது. மாதாவின் கருணையால் சில வாரங்களில் பேச்சு திரும்பி வந்தது. விழுங்கும் வல்லமை மட்டும் திரும்பவில்லை. கஞ்சி மூக்கு வழியே வந்தது, தண்ணீர் புரையேறியது, இளநீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, மூக்கில் குழாய் போட்டு அதன் வழியே ஊற்றலாம் என்றார் டாக்டர்.

"டீசல் ஊத்துறதுக்கு நான் என்ன லாரியா?" என்று கேட்டுவிட்டுப் பெலவேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு குழாயின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவருடைய மனைவி கித்தேரியம்மாள், இளவயதில் கீழே நகரத்துக் கன்னியர் மடத்தில் சமையலுக்கு நின்றவள். அந்த மடத்தில் ஒரு வெளிநாட்டு மூத்த சிஸ்டர், நோயில் வாய் மூடிப்போனவர்களுக்கென்று ஒரு பண்டம் செய்வார். நெய் கிடையாது, பால் கிடையாது, மாவு கிடையாது. காற்றைப்போல் வயிற்றில் இறங்கும் பண்டம். பேரிக்காயைத் திராட்சரசத்தில் வேகவைப்பது, அவ்வளவே. ஈரப்பாறையில் அதை அவள் ஒரேயொரு முறை, ஆயர் ஊர்ப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் கொடுக்க வந்தபோது செய்தாள். ஊரார் அதற்குச் செவப்புப் பேரி என்று பெயரிட்டு, ஆயருக்கு ஆகும், நமக்கு ஆகாது என்று மறந்தும் போனார்கள்.

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிய மறுநாள், கித்தேரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கென்று வாயில் துணி வேடு கட்டி வைத்திருந்த திராட்சரச ஜாடியை அவிழ்த்தாள்.

இனி நடந்தவற்றையெல்லாம் ஈரப்பாறை எளிதாகவே ஏற்றுக்கொண்டது என்பதைச் சொல்லும்போது, இந்த ஒன்றை மட்டும் அது எளிதில் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவ்வூரில் வீட்டுக்கு வீடு கம்பத்துப் பன்னீர்த் திராட்சை வாங்கி ரசம் போடுவார்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து, பாலன் இயேசு பிறந்த பிறகே ஜாடியின் வாய் திறக்கப்படும். ஆவணி மாதத்தில் ஜாடி திறந்த வாசனை பக்கத்து வீட்டு மதலேனின் மூக்கை எட்டியபோது, அவள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"கித்தேரியக்கா! பாலன் பொறக்கிறதுக்கு முந்தி ஜாடியத் தொறந்துட்டியா? அடிப்பாவி, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"பாலன் கோவிச்சுக்கமாட்டார். நீ அந்தப் பட்டைய எடு."

மலைப்பேரி கல்லைப்போன்றது, பல்லுக்கு அஞ்சாத பழம். அதன் காம்பைக் கிள்ளாமல், காம்பைப் பிடித்துச் சுழற்றியபடியே தோலைச் சீவினாள். சீவியதைக் கறுத்துப்போகாமல் எலுமிச்சை பிழிந்த நீரில் இட்டாள். பானையில் ரசமும், அதற்கு ஈடாகத் தண்ணீரும், சர்க்கரையும், விரல் நீளப் பட்டையும், சில கிராம்பும், அன்னாசிப்பூ ஒன்றும், வெள்ளை நீக்கிய கமலா ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தன. விறகை இழுத்துத் தணலை மட்டும் நிறுத்தினாள், ஏனெனில் ரசம் கொதிக்கக்கூடாது, செபம் சொல்லும் உதடுகளைப்போல நடுங்கிக்கொண்டு மட்டுமே இருக்கவேண்டும். பேரிக்காய்கள் மேலே மிதந்து வந்தன. மிதந்தால் பாதி சிவக்கும், பாதி வெளுத்தே நிற்கும். ஆகவே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து அவற்றை உள்ளே அமுக்கினாள். பட்டையும் கிராம்பும் கலந்த அந்த ஆவி கூரை ஓட்டின் இடுக்கு வழியே வெளியேறி, மேகத்தோடு கலந்து, ஊர் முழுவதையும் ஒரு போர்வையைப்போல மூடிற்று.

மறுநாள், உள்நடு வரை சிவந்து, வயோதிகக் கன்னத்தைப்போல மெத்தென்றாகியிருந்த ஒரு பேரிக்காயைக் கரண்டியால் வழித்துக் கணவரின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இருமல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பெலவேந்திரன் வாயைத் திறந்து காட்டினார், நாக்கின்மேல் ஒன்றுமில்லை.

"போயிருச்சு," என்றார் அவர், தாமே நம்பாதவரைப்போல. "கித்தேரி, உள்ள போயிருச்சுடி!"

அன்று அந்த வீட்டில் அழுத அழுகையில், துக்கத்தின் துளி ஒன்றுகூட இல்லை.

அதன்பின் காலையும் மாலையும் பேரி, பேரியன்றி வேறில்லை. வேறு எதைக் கொடுத்தாலும் தொண்டை முன்போலவே கதவைச் சாத்திக்கொண்டது. இப்படியிருக்கையில், கணவரைப் புரட்டித் துடைத்துவிடும் வேளைகளில் கித்தேரி ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் அவரைப் புரட்டச் சந்தியாகு வரவேண்டும், அவனோடு இன்னும் இருவர் வரவேண்டும். சந்தியாகு, டோலிக்குப் பின்கம்பு பிடித்தவன். பெலவேந்திரனின் முதுகைப் பார்த்தபடியே வாழ்நாளில் பாதியை நடந்தவன். பிறகு சந்தியாகு ஒருவனே போதுமென்றானது. பிறகு அவளே புரட்டினாள். பிறகு ஒரு கையால் புரட்டினாள். உடம்பு இளைக்கவில்லை, தொடை தொடையாகவே இருந்தது, தோளின் மேடு மேடாகவே இருந்தது, கனம் மட்டும், பூசை முடிந்த கோவிலிலிருந்து மக்கள் ஒவ்வொருவராய் வெளியேறுவதைப்போல, அவரை விட்டு அமைதியாய் வெளியேறிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது, பெலவேந்திரன் கட்டிலில் விரித்த பாய்க்கு ஒரு சாண் மேலே, போர்வையோடு, இலேசான குறட்டையுடன் மிதந்துகொண்டிருந்தார்.

கித்தேரி முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் மதலேனைக் கூப்பிட்டாள்.

"அடியில குளிர் ஏறுமே," என்றாள் மதலேன், குனிந்து பார்த்துவிட்டு. "கீழேயும் ஒரு கம்பளி கட்டிவிடணும்க்கா. மேல மட்டும் போத்தினா எப்படி?"

ஊர் கம்பளியோடு வந்தது. கயிற்றோடு வந்தது. டோலிக்குக் கட்டிய பழைய கயிற்றைச் சந்தியாகு தேடி எடுத்து, ஒரு நுனியை நண்பனின் இடுப்பிலும் மறு நுனியைக் கட்டிலின் காலிலும் கட்டினான்.

"அண்ணே, அந்தக் காலத்துல கொஞ்சம் இப்படி இருந்திருக்கக் கூடாதா? பள்ளத்துல எறங்கும்போது முழுப் பாரத்தையும் எம்மேல சாச்சியே!"

"பின்கம்புக்காரன் சொல்றது பொய்யி. எறக்கத்துல பாரம் முன்னாடிதாண்டா வரும்," என்றார் பெலவேந்திரன் மேலிருந்து.

பங்குச் சுவாமிக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மிதக்கிறவரின் நெற்றியில் சிலுவை அடையாளமிட எட்டவில்லையென்று கயிற்றைச் சற்று இழுக்கச் சொன்னார். இது ஆண்டவர் செய்த புதுமைதானா, ஆயருக்கு எழுதவேண்டாமா என்று சபைப் பெரியவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள்.

"ஆயுசெல்லாம் ஊரைச் சுமந்த மனுஷன்," என்றார் சுவாமி. "ஆண்டவர் அவர்கிட்டயிருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வாங்கிக்கிறார். இதுல ஆயருக்கு எழுத என்ன இருக்கு? அந்தம்மாவுக்குப் பேரிக்காய் சீவ ரெண்டு பேர் போங்க."

அதுமுதல் ஈரப்பாறையில் பேரிக்காய் சீவுவது பொதுவேலையாயிற்று. காம்பு உடையாமல் சீவுவதெப்படி என்று பெண்கள் தமக்குள் தர்க்கித்தார்கள். வீடுவீடாய்க் கிறிஸ்துமஸ் ஜாடிகள், இம்முறை யாரும் யாரையும் பாவி என்று ஏசாமல், வேடு அவிழ்ந்தன. பெலவேந்திரனோ, படுக்கையில் விழுந்த நாள் முதல் காணாத உற்சாகம் கண்டவராய், தம்மால் ஊருக்கு இன்னும் ஒரு பயன் உண்டென்று கண்டுகொண்டார். கயிற்றைப் பிடித்தபடி சந்தியாகு அவரைத் தோட்டந்தோட்டமாய் நடத்திச் செல்ல, ஏணி எட்டாத உச்சிக் கிளையில் பழுத்திருந்த பேரிக்காய்களை அவர் வலக்கையால் பறித்துப் போட்டார். சூசையப்பர் கோவிலின் உட்கூரையில் பல தலைமுறையாய்த் தொங்கிய ஒட்டடையை அடித்தார். கோபுரத்து மணியின் நாக்கில் துருவைத் துடைத்து எண்ணெய் இட்டார்.

"அண்ணே, எங்க ஓடு ஒழுகுது, அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்!" என்று அவரவர் வாசலில் நின்று அவரவர் கூவினார்கள்.

கித்தேரி மட்டும் சிரிக்கவில்லை. கயிறு முதலில் தொய்ந்து கிடந்ததும், பிறகு நேராய் நின்றதும், இப்போது விறைத்து நடுங்குவதும் அவள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு கிண்ணம் பேரிக்கும் அவர் ஒரு மிடறு கனம் குறைந்தார். கொடுக்காவிட்டால் பட்டினி; கொடுத்தால் ஒருநாள் கயிறும் போதாமல் போகும். மேற்குக் காற்று ஓங்கி வீசிய ஒரு பிற்பகல், யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே பெலவேந்திரன் பட்டம்போல் சுண்டி இழுக்கப்பட, கயிற்றோடு சந்தியாகுவின் குதிகாலும் மண்ணை விட்டு எழும்பியது. நாலு பேர் பாய்ந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். அன்று மாலை பானையை விட்டுவிட்டுக் கட்டில்கால் முடிச்சைக் கித்தேரி மறுபடி மறுபடி இறுக்கியதை மதலேன் பார்த்தாள்.

"இதுக்கா இப்படி மருகுறே? மெதக்குற பேரிக்காய நீ என்ன பண்ணுவே? மேல தட்டு வச்சு அமுக்குவேல்ல? ஆளுக்கும் அதையே பண்ணு."

சந்தியாகுவும் அதையே வேறுவிதமாய்ச் சொன்னான். "வெறும் டோலி ஆடும் மதினி. அடிவாரத்துல ஆளை எறக்கிட்டுத் திரும்பி வாரப்போ நாங்க அதுக்குள்ள கல்லு வச்சுத்தான் தூக்கியாருவோம். கல்லு இருந்தா நடை தப்பாது."

சுமந்தே வாழ்ந்த ஊருக்குக் கனத்தைத் தவிர வேறு மருந்து தோன்றுமோ! பெண்கள் ஒரு கம்பளியின் ஓரத்தைப் பிரித்து, ஓடைக்கல்லை வைத்து வைத்துத் தைத்தார்கள். தைக்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். மதலேன் தன் வீட்டு அம்மிக்குழவியைக் கொண்டுவந்து அவர் கால்மாட்டில் கட்டினாள். பெலவேந்திரன் பாயில் இறங்கினார். ஊர் பெருமூச்சு விட்டது. அவரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் அடுத்த நாள் துடைத்துவிடக் கம்பளியை விலக்கியபோது, அவருடைய மார்பிலும் விலாவிலும், கல் இருந்த இடமெல்லாம், நாவற்பழம் நசுங்கியதுபோல் கன்றிப்போயிருப்பதைக் கித்தேரி கண்டாள். மூச்சு மேலும் கீழும் முட்டிக்கொண்டிருந்தது.

"வலிச்சிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"செபம் சொல்லித் தச்சிருக்காங்க," என்றார் அவர். "எப்படிச் சொல்றது?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து, கம்பளியின் தையலை முழுவதும் பிரித்து, கற்களைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் ஓடையிலேயே போட்டுவிட்டு வந்தாள். அமுக்கி வைப்பது பழத்துக்கு ஆகும்; மூச்சு விடுகிற ஒன்றுக்கு ஆகாது. இதைத் தான் முதலிலேயே அறியாமல் போனோமே என்று வழியெல்லாம் நொந்துகொண்டாள்.

பிறகு அவள் செய்தது, அன்புடையவர் எவரும் செய்யக்கூடிய ஒரு கள்ளம். ரசம் தீர்ந்துவிட்டதென்றாள். ஜாடியைக் கொல்லையில் விறகுக்குப் பின்னே மறைத்துவிட்டு, தேன் கரைத்த நீரைக் கரண்டியில் எடுத்து வந்தாள். அது புரையேறிற்று. மறுநாளும் புரையேறிற்று. பாய்க்கும் அவருக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. அவர் முதுகு பாயைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் நொந்தது. அவள் வேண்டிய கனம் திரும்பிவந்தது, கூடவே, அவள் வேண்டாத வேதனையும் வந்தது. முகம் சுருங்கி, உதடு வெடித்து, அப்படியும் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியலில் மட்டும் கேட்டார்.

"கித்தேரி, வெறகுக்குப் பின்னாடி வாசனை தூக்குதே, அது என்ன?"

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"பொய் சொல்லப் பழகிக்கணும்டி நீ. இவ்வளவு வயசாச்சு."

"கொடுத்தா நீங்க போயிருவீங்க," என்றாள் கித்தேரி. "கையில புடிக்கப் புடிக்கப் போய்க்கிட்டே இருக்கீங்க. நான் என்ன செய்ய?"

பெலவேந்திரன் தோளின் மேட்டைத் தடவிக்கொண்டார். "எத்தனை பேரைச் சொமந்தேன்! அவங்க கனத்தை நான் பெருசா நினைக்கல. ஆனா டோலியில கெடக்குற ஆளு மொகம் இருக்கே... நம்மளத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்குறானேன்னு கூசும் பாரு, அந்த மொகம். வலியவிட அதுதான் அவங்களுக்குப் பெருசு. விழுந்த நாள்லயிருந்து எனக்கும் அந்த மொகம்தான் கித்தேரி. பேரிக்காய் உள்ள போனதுக்கப்புறந்தான் அது போச்சு. நான் இனி யார் கைக்கும் கனமில்ல."

"எனக்குக் கனமாவே இருந்துட்டுப் போங்களேன்!" என்று அவள் வெடித்தாள். "யாரு வேணாம்னா? உங்களைத் தூக்க முடியலன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? ஊரையெல்லாம் தூக்கினவரு, எனக்கு ஒருதரம் தூக்கக் குடுத்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

அவர் பெருங்குரலெடுத்துப் பேசாதவர். அவள் அதுவரை அவரை எதிர்த்துப் பேசாதவள். வெளியே மேகம் வாசலில் வந்து நின்று, இம்முறை உள்ளே வராமல் தயங்கிற்று.

"சரி," என்றார் பெலவேந்திரன் கடைசியில். "மொதல்ல பழத்தைக் குடு. அப்புறம் தூக்கு. ஞாயித்துக்கிழமைதானே இன்னைக்கு? பூசைக்குப் போவோம். சந்தியாகு வேணாம், கயிறு வேணாம்."

கித்தேரி கொல்லைக்குப் போனாள். மரங்களில் பேரி ஓய்ந்துவிட்ட காலம். கூடையின் அடியில் சுருங்கிக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சீவினாள். பட்டையும் கிராம்பும் இட்டாள். ரசம் நடுங்கத் தொடங்கியபோது பழங்கள் மிதந்து மேலே வந்தன. அவள் கை வழக்கம்போல் தட்டுக்குப் போனது; பாதி வழியில் நின்றது. மிதக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பழங்கள் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் நிலவைப்போல் வெளுத்தும் வெந்தன. அவற்றை அவர் வயிறு நிறையும் மட்டும், போதும் என்று கையமர்த்தும் மட்டும் ஊட்டினாள். இடுப்பை விட்டு, தோளை விட்டு, தலைமுடியை விட்டு எல்லாக் கனமும் கழன்று, பெலவேந்திரன் இறகைப்போல் எழும்பினார். அவர் கூரையை எட்டுமுன் அவள் கைநீட்டிப் பிடித்து, தன் முதுகில் சேர்த்து, கலியாணப் பட்டுச் சேலையை மடித்து, பிள்ளையைக் கட்டுவதுபோல் மார்புக்குக் குறுக்கே முடிச்சிட்டுக் கட்டிக்கொண்டாள்.

கோவிலுக்கு ஏறும் பாதை மண்ணில் வெட்டிய படிகளாலானது. கித்தேரி ஏறினாள். அவ்வளவு பெரிய மனிதரை அவ்வளவு சிறிய மனுஷி முதுகில் கட்டி நடப்பதை ஈரப்பாறை இரு பக்கமும் நின்று பார்த்தது. பார்த்து, பூசைக்கு நேரமாகிறதென்று பின்னாலேயே நடந்தது.

"அண்ணே, மாப்பிள்ளைக் கணக்கா எங்க சவாரி?" என்றான் சந்தியாகு, கயிறில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"முன்கம்பும் இவ, பின்கம்பும் இவ," என்றார் பெலவேந்திரன், மனைவியின் தோளில் தாடையை ஊன்றியபடி. "உனக்கு இனிமே வேலை கெடையாதுடா." பிறகு அவள் காதருகே, "மூச்சு வாங்குதா?" என்றார்.

"இல்ல."

"வாங்கினா சொல்லு."

"சொல்லமாட்டேன்."

அவர் சிரித்தது அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது. பனியில் நனைந்த படிகள், ஓரத்தில் காட்டுச் செவ்வந்தி, மேலே கோபுரம்; அவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார், அவள் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டே ஏறினாள். இன்னும் சில படிகள் இருக்கையில், அவர் எதையோ காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவள் உம் என்றாள். மறுமொழி வரவில்லை. கழுத்தோரத்தில் பட்டுக்கொண்டிருந்த, பட்டையும் கிராம்பும் மணக்கும் வெதுவெதுப்பு, ஒருமுறை நீண்டு வந்து, பின் வரவில்லை.

அப்பொழுது கனம் வந்தது. முதலில் ஈரச் சேலையின் கனமாய் வந்தது. பிறகு உறங்கும் குழந்தையின் கனமாய், பிறகு நிறைகுடத்தின் கனமாய், பிறகு மூட்டையின் கனமாய், பின்னர் ஆனைக்குட்டி போன்ற ஒரு மனிதரின் முழுக் கனமாய், ஒன்றும் குறைவுபடாமல், அவர் அவளை மணந்த நாளில் எவ்வளவு இருந்தாரோ அவ்வளவும் வந்து, அவள் முதுகில் இறங்கிற்று. முடிச்சு மார்பை அறுத்தது. முழங்கால் மடங்கி, நிமிர்ந்தது. பாதம் படியின் ஈரமண்ணில் கணுக்கால் வரை புதைந்தது. ஆயினும் அவள் விழவில்லை.

பின்னால் வந்தவர்கள் அவள் காலைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மதலேன் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தியாகு தடதடவென்று ஓடிவந்து இரு கைகளையும் நீட்டினான்.

"மதினி, எறக்குங்க! மதினி, முதுகு முறிஞ்சு போகும், எறக்கிக் குடுங்க!"

"இரு சந்தியாகு," என்றாள் கித்தேரி. அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. குரல் மட்டும் தெளிவாயிருந்தது. "இப்பத்தான் எங்கிட்ட வந்திருக்காரு."

மேலே பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கியது. கித்தேரி புதைந்த காலைப் பிடுங்கி, மூச்சு வாங்க, அடுத்த படியில் வைத்தாள்.